கடலைப் பார்த்த சரிவு மனையில் மத்தியதரைக்கடல் பாணி வீடு: எங்கிருந்து தொடங்குவது?

மேட்டுமனை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் மனை 18 மீட்டர் அகலம், 34 மீட்டர் நீளம். சாலை மேலே, வடகிழக்குப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்காகக் கடலை நோக்கி மொத்தம் 7 மீட்டர் இறங்குகிறது. கீழ் எல்லைக்கு அப்பால் புதர் மண்டிய சரிவு, அப்புறம் பாறை, அப்புறம் கடல். 38 டிகிரி வடக்கு அட்சரேகை. கோடையில் மழை கிடையாது, நல்ல வெயில். மழை முழுக்கக் குளிர்காலத்தில்தான்.

வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா, அப்பா. அப்பாவுக்கு மூட்டுவலி, படி ஏறி இறங்குவது சிரமம். எல்லோருக்கும் ஆசை ஒன்றுதான்: வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, வளைவுகள், நடுவில் முற்றம், கடலைப் பார்த்த பெரிய தாழ்வாரம். வெளிச்சம் நிறைய வேண்டும், ஏசி இல்லாமல் இருக்க முடிந்தால் நல்லது.

ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மனையின் நடுப்பகுதியை வெட்டிச் சமதளமாக்கி, கீழ்ப்பக்கம் 5 மீட்டர் உயரத்துக்கு ஒரே தாங்குசுவர் எழுப்பி, அதன்மேல் இரண்டு மாடி வீடு வைத்திருக்கிறார்கள். கடல் பக்கம் தரை முதல் கூரை வரை கண்ணாடி. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனையில் போய் நின்றால் இந்த வீடு அங்கே ஒட்டவில்லை என்று தோன்றுகிறது, ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நிலத்தைச் சமமாக்குவது சரியா? எந்த அறையை எந்த மட்டத்தில் வைப்பது? அந்தக் கண்ணாடிச் சுவர் வேண்டுமா? உப்புக் காற்றுக்கு என்ன செய்ய வேண்டும்? கட்டியவர்கள், அப்படி ஒரு வீட்டில் இருப்பவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

குறுக்குவெட்டு எழுதியது:

உங்களுக்குத் தோன்றியது சரிதான். அந்த வரைபடத்தில் பிளானை முதலில் போட்டுவிட்டு நிலத்தை அதற்கு ஏற்றபடி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். சரிவு மனையில் முதலில் வரைய வேண்டியது குறுக்குவெட்டு, அதாவது நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் தெரியும் படம். சாலையிலிருந்து கடல் வரை நிலம் இறங்கும் கோட்டைக் காகிதத்தில் போடுங்கள், கோடை நண்பகல் சூரியனையும் குளிர்கால நண்பகல் சூரியனையும் அதே காகிதத்தில் குறியுங்கள், காற்று வரும் பக்கத்தைக் குறியுங்கள். பிறகுதான் அறைகள். வளைவும் ஓடும் கடைசியில் வந்தால் போதும்.

5 மீட்டர் தாங்குசுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போகும் இடமும் ஆபத்து இருக்கும் இடமும் அதுதான். சுவரின் உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகும், சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை எட்டு மடங்காகும். அதனால் 5 மீட்டரில் ஒரு சுவரும், இடைவெளி விட்டு ஒன்றரை மீட்டர் உயரத்தில் மூன்று சுவர்களும் ஒரே வேலை அல்ல. மூன்று சிறிய சுவர்கள் மிக எளிதாக நிற்கும். ஒன்றின் பாரம் இன்னொன்றின்மேல் விழாத அளவுக்குத் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மத்தியதரைக்கடல் கரை முழுக்க விவசாயிகள் செய்ததும் இதுவே. இத்தாலியில் சிங்குவே தெர்ரே, ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் திரமுந்தானா மலை, எங்கே பார்த்தாலும் மலைச்சரிவு சின்னச் சின்னப் படிகளாக, சாந்து இல்லாத கல் அடுக்குச் சுவர்களாக இருக்கும். அந்தக் கல் அடுக்கும் கலையை 2018-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் விரும்பும் அந்தப் பாணியின் உடம்பு இந்தப் படிகள்தான், வெள்ளைச் சுவர் அதன்மேல் பிறகு வந்து உட்கார்ந்தது.

உங்கள் சரிவு ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. வீட்டுக்கு இது நல்ல சரிவு. 7 அல்லது 8 மீட்டர் ஆழமுள்ள ஒரு பகுதிக்குப் பிறகு ஒன்றரை மீட்டர் இறங்கலாம், அது ஒன்பது படி. வீடு நிலத்தோடு சேர்ந்து இறங்கும், எந்த இடத்திலும் பெரிய வெட்டு வராது.

இனி அப்பாவின் மூட்டு. ஒன்றரை மீட்டரைச் சாய்தளத்தில் இறங்க வேண்டுமென்றால் 12-க்கு 1 என்ற கணக்கில் 18 மீட்டர் நீளம் வேண்டும், நடுவில் ஓய்வுத்தளங்கள் வேறு. வீட்டுக்குள் நடக்காத காரியம். ஆகவே கார் நிற்கும் இடம், வாசல், சமையலறை, சாப்பிடும் இடம், அம்மா அப்பா அறை, அவர்களுக்கான குளியலறை எல்லாம் சாலை மட்டத்திலேயே, ஒரு படிகூட இல்லாமல் இருக்கட்டும். முற்றமும் அதே மட்டத்தில். ஒன்றரை மீட்டர் கீழே கூடமும் தாழ்வாரமும். அதற்கும் கீழே உங்கள் அறை, பிள்ளைகள் அறைகள், ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துக்கு ஒரு கதவு. கீழ் அறைகளின் பின்சுவர் மண்ணோடு ஒட்டி இருப்பதால் கோடையில் குளுமையாக இருக்கும், படுக்கையறைக்கு அது போதும்.

நிழல்கணக்கு எழுதியது:

கண்ணாடிச் சுவர் வேண்டாம். தென்மேற்கு என்றவுடனே அதைத்தான் சொல்லத் தோன்றியது.

தெற்குச் சுவர் சுலபமானது. 38 டிகிரியில் கோடை உச்சத்தில் நண்பகல் சூரியன் 75 டிகிரி உயரத்தில் நிற்கும், குளிர்கால உச்சத்தில் 29 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. 70 செ.மீ. நீட்டிய சன்ஷேட் போட்டால் ஜூன் நண்பகலில் அதன் நிழல் இரண்டரை மீட்டருக்கு மேல் இறங்கும், முழு ஜன்னலும் மறையும். டிசம்பரில் அதே சன்ஷேட்டின் நிழல் 40 செ.மீ.கூட வராது, வெயில் அறைக்குள் நன்றாக வரும். ஒரே சிமெண்ட் பலகை இரண்டு பருவத்துக்கும் வேலை செய்கிறது.

தென்மேற்குச் சுவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பிற்பகல் மூன்றரை நான்கு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நேர் எதிரே வந்து நிற்கும், எவ்வளவு நீட்டினாலும் அதற்குக் கீழே நுழையும். கீழே கடல்வேறு கண்ணாடிபோல் திருப்பி அடிக்கும். மேலிருந்து வரும் வெயிலைச் சன்ஷேட்டால் தடுக்கலாம், கடலிலிருந்து எகிறி வரும் கண்கூச்சம் கீழிருந்து வருவதால் அதற்குச் சன்ஷேட் பயன்படாது. முழுக் கண்ணாடி போட்ட வீடுகளில் மாலை நேரம் திரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், எந்தக் காட்சிக்காகக் கண்ணாடி போட்டார்களோ அதைப் பார்க்க முடியாது.

யோர்ன் உட்சோன், சிட்னி ஆபரா ஹவுஸை வடிவமைத்தவர், மயோர்க்காவில் கடல் பாறை விளிம்பில் தனக்காக ஒரு வீடு கட்டினார், 1970-களின் தொடக்கத்தில். பெயர் கான் லிஸ். அந்த வீட்டுப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே பெரிய வீடாக இல்லாமல் தனித்தனிக் கட்டடங்களாக, ஒவ்வொன்றும் கடலைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கும். ஜன்னல்கள் ஆழமான கல் குழிக்குள் இருக்கும், சட்டத்தைச் சுவரின் வெளிப்பக்கம் பொருத்தியதால் உள்ளிருந்து பார்த்தால் சட்டமே தெரியாது, கல்லும் கடலும் மட்டும்தான். இவ்வளவு பார்த்துச் செய்தும் அந்தக் கடல் வெளிச்சம் அவர் கண்களுக்கு அதிகமாகப் பட்டது. 1990-களில் தீவின் உட்பகுதியில், மலைச்சரிவில் கான் ஃபெலிஸ் என்று இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போனார். ஒளியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படி என்றால் மொத்தச் சுவரையும் கண்ணாடியாக்கச் சொல்பவர்களிடம் நாம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

நான் செய்வேனென்றால்: கடல் பக்கம் மூன்று மீட்டர் ஆழமுள்ள தாழ்வாரம், அதன் வெளி விளிம்பில் நகரும் மரச் சட்டர்கள். சட்டரின் பலகைகளைத் திருப்ப முடிய வேண்டும், காற்று வரட்டும், வெயில் நிற்கட்டும். தாழ்வாரத்தின் தெற்கு முனையில் கூரையை விட்டுவிட்டுப் பந்தல் போட்டுத் திராட்சைக் கொடி ஏற்றுங்கள், கோடையில் இலை அடர்ந்து குளிர்காலத்தில் தானே உதிர்ந்துவிடும். கடலைப் பார்க்க ஆள் உட்காரும் உயரத்தில் நாலைந்து ஆழமான ஜன்னல்கள். பெரிய கண்ணாடிக் கதவுகளை நேர்த் தெற்குப் பார்த்த சுவர்களில் வையுங்கள். தென்மேற்குச் சுவரை ரம்பப் பல்போல் மடித்தால் அப்படித் தெற்குப் பார்த்த துண்டுகள் தாமாகவே கிடைக்கும்.

முற்றத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. குறுக்குவெட்டு சொன்னபடி முற்றம் மேல் மட்டத்திலும் கூடம் ஒன்றரை மீட்டர் கீழேயும் இருந்தால், 3 மீட்டர் உயரக் கூடத்தின் கூரை முற்றத்துத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்தான் எழும்பி நிற்கும். டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் ஏறத்தாழ 2.75 மீட்டர். சமதளத்தில் கட்டியிருந்தால் 5.5 மீட்டர் ஆகியிருக்கும், ஒரு நடுத்தர முற்றம் குளிர்காலம் முழுக்க இருட்டாகவே கிடக்கும். சரிவு உங்களுக்கு வெயிலைக் கொடுக்கிறது. சமதளமாக்கினால் அந்த வெயில் போய்விடும்.

காற்று: பகலில் கடலிலிருந்து மேலே, இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு. இரவில் சரிவில் இறங்கும் குளிர்காற்றும் அதே திசைதான். முற்றத்துப் பக்கம் தாழ்வான ஜன்னல்கள், கடல் பக்கம் உயரமான திறப்புகள் வைத்தால் இரவு முழுக்கத் தடித்த சுவர்கள் குளிரும், மறுநாள் பகலில் சட்டரை மூடி வைத்துவிடலாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இந்த முறை வறண்ட கோடைக்கு உரியது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் அதிகம் மாறாத, புழுக்கமான வெப்பமண்டலக் கடற்கரையில் தடித்த சுவர் இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அங்கே மெல்லிய சுவர், பெரிய திறப்பு, நீண்ட இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) என்று போக வேண்டும்.

மேட்டுமனை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முற்றத்து நிழல் கணக்கை வீட்டில் எல்லோருக்கும் வரைந்து காட்டினேன். மாலையில் கடலைப் பார்க்க ஏதாவது பெரிய திறப்பு வேண்டும் என்று என் மனைவி சொல்கிறார், தாழ்வாரமும் சட்டரும் சொன்னதும் ஒப்புக்கொண்டார். கட்டுமானப் பக்கம் யாராவது சொல்லுங்கள், கம்பி, பூச்சு, அஸ்திவாரம்.

உப்புக்காற்று எழுதியது:

கடலோரத்தில் கான்கிரீட் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் மண். சாயில் டெஸ்டுக்கு மனையின் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை, நடுவில் ஒன்று என்று கேளுங்கள். மேலே ஒரே ஒரு துளை போட்டுவிட்டு அறிக்கை கொடுத்தால் ஏற்காதீர்கள். சரிவில் பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது, அதன்மேல் கிடக்கும் மண் நகரும் மண்ணா என்பதுதான் கேள்வி. வீட்டின் பாதி வெட்டிய பாறையிலும் பாதி கொட்டி நிரப்பிய மண்ணிலும் நிற்கவே கூடாது, நிரப்பிய பாதி இறங்கும், நடுவில் விரிசல் விழும். கீழ்ப்பக்கத் தூண்களைப் பாறை வரை கொண்டு போங்கள்.

தாங்குசுவர்கள் பெரும்பாலும் தண்ணீரால்தான் விழுகின்றன. சுவருக்குப் பின்னால் ஜல்லி, அதை மண் அடைக்காதபடி ஜியோடெக்ஸ்டைல் துணி, அடியில் துளைக்குழாய், சுவரில் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் என்ற துளைகள். இவை நான்கும் இருந்தால் சின்னச் சுவர் நூறு மழை தாங்கும். உங்கள் ஊரில் மழை சில மாதங்களில் மொத்தமாகக் கொட்டுவதால் மேல் பக்கம், வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே, ஒரு திறந்த வடிகால் வெட்டித் தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பி விடுங்கள். மண்ணோடு ஒட்டிய படுக்கையறைச் சுவருக்கு வெளிப்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு, அதற்கு வெளியே அதே ஜல்லி. உள்பக்கம் பூசி ஈரத்தை நிறுத்த முடியாது.

முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். 150 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,500 லிட்டர். மழையில்லாத கோடை முழுக்கத் தோட்டத்துக்கு அது உதவும், கிரேக்கத்தின் சாந்தொரீனி மாதிரி ஆறில்லாத தீவுகளில் வீடு வீடாக இப்படித்தான் தண்ணீர் சேமித்தார்கள்.

கழிவுநீர்: சாலையில் சாக்கடை இருந்தால் அது உங்கள் கீழ்த்தளக் கழிவறையைவிட உயரத்தில் இருக்கும். பம்ப் இல்லாமல் போகாது. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து, குறைந்தது மேல்மட்டக் கழிவறையாவது பம்ப் இல்லாமல் ஓடும்படி செய்யுங்கள். செப்டிக் டேங்க் என்றால் மனையின் கீழ்ப்பகுதியில், ஆனால் உறிஞ்சுகுழியின் தண்ணீர் தாங்குசுவருக்குப் பின்னால் சேரக் கூடாது.

கம்பி. கடல் காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கிக் கம்பியைத் தொடும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். மருந்து எளியது, ஆனால் தளத்தில் நின்று பார்க்க வேண்டும்: வெளியே தெரியும் எல்லா இடத்திலும் கம்பிக்கு மேல் குறைந்தது 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கடல் மணல் கூடாது, நல்ல தண்ணீரில் ஒழுங்காகக் கியூரிங் (கான்கிரீட் காயாமல் நனைத்து வைப்பது). கம்பியை அந்த அளவுக்குத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நீங்களே அளந்து பாருங்கள், கொட்டிய பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது. கீல், திருகு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகு போட்டால் இரண்டும் சேர்ந்து அரித்துக்கொள்ளும்.

வெள்ளைச் சுவருக்குச் சுண்ணாம்பு. கல் அல்லது செங்கல் சுவரில் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பது. சுவருக்குள் போன ஈரம் வெளியே வர முடியும், அதனால் உப்பு பூத்து எளிதில் கொப்பளிக்காது. அதன்மேல் அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அந்த வேலையை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஓடுகளை விளிம்பு வரிசையில் ஒவ்வொன்றாகத் திருகிப் பொருத்தச் சொல்லுங்கள், புயல் காற்று முதலில் அங்கேதான் பிடித்துத் தூக்கும்.

கடைசியாக, யாரும் இன்னும் சொல்லாத ஒன்று. கீழே புதர் மண்டிய சரிவு என்கிறீர்கள். கோடையில் அது காய்ந்த விறகு. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது ஒவ்வொரு 10 டிகிரிச் சாய்வுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். வீட்டைச் சுற்றிப் புதரை அகற்றி வைக்க அனுமதி வாங்குங்கள், பைன் மரங்களை இறவாணத்துக்குப் பக்கத்தில் வளர்க்காதீர்கள், ஓட்டுக்கு அடியில் தீப்பொறி நுழையும் இடைவெளிகளைச் சன்னமான உலோக வலையால் மூடுங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரை இறைக்க மின்சாரம் இல்லாமல் ஓடும் ஒரு பம்ப் இருந்தால் நிம்மதி.

வெயில்முற்றம் எழுதியது:

நான் கட்டடத் துறை இல்லை, சரிவில் இருக்கும் மூன்று மட்ட வீட்டில் பிள்ளைகளை வளர்க்கிறேன். குறுக்குவெட்டு சொன்ன அறை வரிசையில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாட்டி தாத்தா மேலே, பேரப்பிள்ளைகள் இரண்டு மட்டம் கீழே என்றால், மூட்டுவலி உள்ள தாத்தா தூங்க வைக்கக் கதை சொல்லப் பேரன் அறைக்கு ஒருநாளும் போகமாட்டார். கூடமும் கீழே, தாழ்வாரமும் கீழே. அப்படியானால் கடலைப் பார்த்த அந்த நல்ல தாழ்வாரத்தில் அவர் எப்படி உட்காருவார்? எல்லோரும் கீழே சிரித்துக்கொண்டிருக்க அவர் மட்டும் மேலே இருப்பார். பிளானில் அது தெரியாது, வாழும்போது தினமும் தெரியும். தாழ்வாரத்தின் ஒரு பகுதியையாவது மேல்மட்டத்தில், அவர்கள் அறைக் கதவுக்கு நேராகக் கொண்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகளின் அறை ஒன்றும் மேலே இருக்கட்டும், வளர்ந்த பிறகு தாமாகவே கீழே போக ஆசைப்படுவார்கள்.

மற்றபடி நடைமுறையில் தெரிந்தவை. மளிகைப் பையைக் காரிலிருந்து சமையலறைக்குப் படியில்லாமல் கொண்டுபோக முடிவது பெரிய வரம், அதை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிப்படிகளுக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கல் போடுங்கள், குளிர்கால மழையில் உப்பும் பாசியும் சேர்ந்து மிகவும் வழுக்கும். தாங்குசுவர்களின் மேல்விளிம்பு எல்லாம் பிள்ளைகள் நடக்கும் பாதைதான், எனவே ஒரு மீட்டருக்கும் சற்று அதிக உயரத்தில் கைப்பிடி, கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, குறுக்குக் கம்பி வைத்தால் ஏணியாகிவிடும். அப்புறம் ஒரு சமமான விளையாட்டிடம். சரிவு மனையில் எல்லாவற்றையும் அழகான படிகளாக்கிவிட்டுப் பந்து உருட்ட ஒரு இடம்கூட இல்லாமல் போய்விடும். முற்றத்தில் செடித்தொட்டி, நீரூற்று என்று நடுவில் எதையும் வைக்காதீர்கள், அதுதான் பிள்ளைகள் ஓடும் இடம்.

துணி காயப்போட இடம் எந்தப் படத்திலும் இருக்காது. கடல் பக்கம் காயப்போட்டால் உப்பு ஒட்டும், முற்றத்துப் பக்கம் வெயில்படும் சுவர் ஓரமாக ஒதுக்குங்கள்.

குறுக்குவெட்டு எழுதியது:

வெயில்முற்றம் சொல்வதை ஏற்கிறேன், என் வரிசையைவிட அது நல்ல வரிசை. அப்படியானால் மேல்மட்டத்தை முற்றத்தின் தெற்கு ஓரமாகக் கடல் பக்கம் ஒரு கைபோல நீட்டி, அதன் நுனியில் பெற்றோர் அறையும் சின்னத் தாழ்வாரமும் வைக்கலாம். அந்தக் கையின் அடியில் படுக்கையறைகள். கூடம் முற்றத்தை அடுத்து, ஒன்றரை மீட்டர் தாழ்வாக, அப்படியே இருக்கும். முற்றத்து வெயில் கொஞ்சம் குறையும், நிழல்கணக்கு சொன்ன முறையில் மறுபடி வரைந்து பார்த்து, கையின் அகலத்தை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

மேட்டுமனை, நீங்கள் அடுத்து வரைபவரிடம் போகும்முன் இரண்டு காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, அரை மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள் போட்ட நில அளவை, அதில் இருக்கும் மரங்களும் பாறைகளும் குறித்தது. பார்சிலோனாவுக்கு அருகே கால்தெஸ் தெஸ்ட்ராக்கில் கட்டடக் கலைஞர் கோதெர்க் 1950-களின் தொடக்கத்தில் கட்டிய காசா உகால்தே என்ற வீட்டின் சுவர்கள் வளைந்து வளைந்து போவது, அங்கே நின்றிருந்த பைன் மரங்களையும் காட்சிகளையும் முதலில் குறித்துக்கொண்டதால்தான். உங்கள் மனையில் எந்த மரம் நிற்கிறது என்று இதுவரை நீங்கள் எழுதவே இல்லை, எழுதுங்கள்.

இரண்டு, கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதி எழுத்துப்பூர்வமாக. நாட்டுக்கு நாடு வேறு. ஸ்பெயினில் 1988-இன் கடற்கரைச் சட்டப்படி பொதுவாக 100 மீட்டர், அப்போதே நகரமாக இருந்த இடங்களில் 20. கடற்கரையிலிருந்து அளந்தால் கீழ்மட்டப் படுக்கையறைகள் அந்தக் கோட்டுக்குள் விழலாம். விழுந்தால் வீடு முழுவதும் சாலைப் பக்கம் நகரும், மேல்மட்டம் அகலும், கீழ்மட்டம் சுருங்கும். அந்த எண் தெரிந்ததும் இங்கே போடுங்கள், குறுக்குவெட்டை நானே ஒன்று வரைந்து அனுப்புகிறேன்.